பாசிக்கடலில் இரண்டு பழைய கேமராக்கள்

"ஒன்னுக்குக் கண்ணு போச்சு, இன்னொன்னுக்கு மூச்சு போச்சு. ரெண்டு கிழட்டு கேமராவ வச்சுக்கிட்டு நீ என்னத்தத்தா எடுக்கப் போற?"

பரமக்குடியில் ஸ்டுடியோ வைத்திருந்தவர் இப்படிக் கேட்டார். இரண்டில் பெரிய கேமராவை எனக்கு விற்றவரே அவர்தான். விற்றுவிட்டுக் கேட்டதால் அந்தக் கேள்வியில் ஒரு நேர்மை இருந்தது. நான் பையின் ஜிப்பை இழுத்து மூடினேன். அப்போது எனக்கு வாய் கொஞ்சம் கூடுதல். ஆனாலும் அன்றைக்குப் பேருந்து போய்விடுமோ என்ற பயம் வாயை அடக்கிவிட்டது.

கண் போனது பெரியது. லென்ஸின் உள்ளே ஓரமாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் சிலந்தி நூல் போலத் தெரியும். பிடியில் ஒட்டியிருந்த ரப்பர் வியர்வையில் உப்பி, பசை விட்டிருந்தது. அதைக் கழுத்தில் மாட்டி இரண்டு மணி நேரம் நின்றால் பிடரியில் கயிறு வைத்து அறுப்பது போல இருக்கும். ஆனால் வேகமானது. நினைத்த கணத்தில் 'சடக்' என்று எடுத்துவிடும். அந்தச் சத்தத்துக்கே ஒரு மரியாதை உண்டு. காதுகுத்து வீட்டில் அழுகிற பிள்ளையும் அந்தச் சத்தம் கேட்டால் ஒரு நொடி நிறுத்திப் பார்க்கும். பெரியவர்கள் தோளை நிமிர்த்துவார்கள். தனுஷ்கோடிப் பக்கம் பூநாரைகள் இறங்கும் மாதங்களில் நீள லென்ஸைப் பூட்டிக்கொண்டு நடந்தால், அவை காலை மாற்றி வைப்பதைக்கூட விடாமல் எடுக்கலாம்.

மூச்சு போனது சின்னது. உள்ளங்கைக்குள் அடங்கும். மண்டபம் முகாமில் இருந்த என் கல்லூரித் தோழி, புதுக் கைப்பேசி வந்ததும் அதை எனக்குக் கொடுத்துவிட்டாள். பெட்டிக்கடையில் விற்கும் பேட்டரி இரண்டைப் போட்டால் ஓடும். பட்டனை அழுத்தினால் அரை விநாடி யோசித்துவிட்டுத்தான் படம் எடுக்கும். அதற்குள் சிரித்தவர் சிரித்து முடித்திருப்பார், ஓடிய பிள்ளை சட்டத்தை விட்டே போயிருக்கும். கல்யாண மண்டபத்துக் குழல்விளக்கில் எடுத்தால் முகமெல்லாம் ரவை தூவியது போலப் புள்ளி. வெயிலில் அதன் திரையில் எதுவுமே தெரியாது, குத்துமதிப்பாகத்தான் நீட்ட வேண்டும். ஆனால் நல்ல வெயிலில் அது தரும் நீலம் பெரியதற்கு வராது. அப்புறம் அதில் பூப் படம் போட்ட ஒரு பட்டன் உண்டு. அதைத் தட்டிவிட்டால் நாலு விரற்கடைத் தூரத்தில் இருப்பதையும் தெளிவாக எடுக்கும். பெரியதோ, ஒரு முழமாவது தள்ளி நின்றால்தான் பார்ப்பேன் என்று அடம்பிடிக்கும்.

பெரியதைத் தோளில் போட்டுக்கொண்டு போனால் நான் போட்டோகிராபர். சின்னதை எடுத்தால் சுற்றுலா வந்த பிள்ளை. ஆகவே வேலைக்கு எப்போதும் பெரியதுதான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படியை முதலில் மிதித்தவள் நான். கல்லூரி வரை போனவளும் நான்தான். படித்த பிள்ளை அலுவலகத்தில் நாற்காலியில் உட்காராமல் வளைகாப்பு வீடுகளில் ஸ்டூல் மேல் ஏறி நிற்கிறாள் என்பதே எங்கள் ஊருக்குப் பொறுக்கவில்லை. அதோடு சின்னக் கேமராவையும் தூக்கிக்கொண்டு போனால் அவ்வளவுதான். அந்த நினைப்பில் ஒரு வறட்டுப் பெருமை இருந்தது. இப்போது அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை, அலுப்புதான்.

எங்கள் ஊர் பாம்பனுக்குப் பக்கத்தில், தென்கடலை ஒட்டி இருக்கிறது. அய்யா விசைப்படகில் கூலிக்குப் போகிறார். அம்மா பாசி எடுக்கிறாள். தீவுகளைச் சுற்றி இடுப்பளவு, மார்பளவு ஆழத்தில் கிடக்கும் பவளப் பாறைகளை நாங்கள் பார் என்போம். அந்தப் பாரில் வளரும் மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பறித்து, இடுப்பில் கட்டிய வலைப்பையில் சேர்த்து, கரைக்குக் கொண்டுவந்து காயவைத்து விற்பார்கள். சேலைக்கு மேலே அய்யாவின் பழைய முழுக்கைச் சட்டை, முகத்தில் முக்குளிக்கும் கண்ணாடி, விரல் விரலாகச் சுற்றிய துணி. அம்மா கடலுக்குப் போகும் கோலம் இதுதான். எங்கள் ஊரிலிருந்து நாற்பது பெண்களுக்கு மேல் போகிறார்கள். அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள். மற்ற நாட்களில் போவதில்லை என்று அவர்களே கூடிப் பேசி வைத்துக்கொண்ட கட்டுப்பாடு அது. இரும்பு கொண்டு சுரண்டக் கூடாது, வேரோடு பிடுங்கக் கூடாது என்பதும் அவர்கள் வைத்ததுதான். மீறியவளை அடுத்த நடை வள்ளத்தில் ஏற்ற மாட்டார்கள்.

இதெல்லாம் கரையில் இருக்கும் அதிகாரிக்கு எப்படித் தெரியும்? பெண்கள் பாரை உடைக்கிறார்கள் என்று யாரோ எழுதிப் போட்டிருந்தார்கள். இராமநாதபுரத்தில் வனத்துறை அலுவலகத்துக்குத் திங்கட்கிழமை வரச் சொல்லித் தகவல் வந்தது. உடைக்கவில்லை என்று காட்டாவிட்டால் அந்தத் தீவுப் பக்கமே வள்ளம் போகக் கூடாது.

ஊருக்கு வரும் காகிதமெல்லாம் என்னிடம்தான் வரும். ரேஷன் கார்டு, ஆதார், மருத்துவமனைச் சீட்டு, மின்கட்டண ரசீது, எல்லாமே. படித்தவள் ஒருத்தி இருந்தால் அவள் ஊருக்கே கண். அந்தக் கண்ணுக்குத் தூக்கம் வரும் என்று யாரும் நினைப்பதில்லை. அந்த வாரம் தொடர்ந்து மூன்று விசேஷ வீடுகள் முடித்து, கால் வீங்கி உட்கார்ந்திருந்தேன். பாசிக்காரப் பெண்களின் சங்கத்துக்குத் தலைவி என் பெரியம்மா. அந்தத் தகவலைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள்.

"வாயால சொன்னா நம்ப மாட்டேங்குறாக. நீ படமாக் காட்டு."

"என்னத்த படம் எடுக்கணும் பெரியம்மா?"

"நாங்க பறிக்கிறத. வேர விட்டுட்டுப் பறிக்கிறத. கையில ஒரு ஆயுதமும் இல்லங்கிறத. இதுக்குப் போயி நான் உனக்குப் பாடம் நடத்தணுமா?"

அமாவாசையை ஒட்டிய ஆறு நாளில் இரண்டே நாள் மீதி இருந்தது. சனியும் ஞாயிறும்.

சனிக்கிழமை விடியலில் வள்ளத்தில் ஏறினேன். பெரிய கேமராவோடுதான். சின்னதையும் தண்ணீர் புகாத ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுப் பையில் வைத்திருந்தேன். ஆனால் வெளியே எடுக்கவில்லை. வள்ளத்தில் எல்லாரும் என் கழுத்தையே பார்த்தார்கள்.

"ஏ மதினி, அந்தக் குழாய எம் பக்கம் திருப்பாத. எம் புருசன் பாத்தா அடையாளம் கண்டுக்கிருவான்."

"சட்டையக் கழத்திட்டுப் பட்டுச்சேல கட்டிட்டு வந்திருப்போம்ல, முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"அவளுக்குக் கல்யாண வீடுதான் எடுத்துப் பழக்கம். கடல்ல இறங்கையில நம்மள மாலையும் கழுத்துமா நிக்கச் சொல்லப் போறா, பாரு."

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "விளிம்புல உக்காராத. நடுவுல உக்காரு" என்றாள். அதையே நாலு தரம் சொன்னாள்.

தீவுக்குத் தள்ளி, மணல் தரையாகப் பார்த்து வள்ளத்தை நிறுத்தினார்கள். நங்கூரம் பாரில் விழக் கூடாது என்பதற்காக. பெண்கள் ஒவ்வொருவராக இறங்கிப் பரவினார்கள். நான் வள்ளத்தின் நடுவில் உட்கார்ந்து நீள லென்ஸைப் பூட்டி எடுத்துக்கொண்டே இருந்தேன். வெயில் ஏற ஏறத் தண்ணீர் தகரம் போல மின்னியது. மூன்று மணி நேரத்தில் நானூறு படங்களுக்கு மேல் எடுத்திருப்பேன். கண்ணில் உப்பு, கழுத்தில் உப்பு, கேமராவின் மேலும் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் திண்டின் மேல் வைத்துவிட்டு, சோறுகூடத் தின்னாமல் படுத்துத் தூங்கிவிட்டேன்.

எழுந்து வெளியே வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கொடியில் அம்மாவின் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. கீழே ஒரு சாக்கின் மேல் வரிசையாக அவளுடைய கண்ணாடி, விரல் துணிகள், செருப்பு, சின்னது உள்ளே பத்திரமாக இருந்த என் பிளாஸ்டிக் உறை. அந்த வரிசையின் கடைசியில் என் பெரிய கேமரா. லென்ஸ் மேலே பார்த்துக் கிடந்தது. லென்ஸுக்கு உள்பக்கம் தண்ணீர் நின்றது.

"உப்பு அரிச்சிரும்ல. அதான் அலசி வச்சேன்" என்றாள் அம்மா.

எங்கள் ஊரில் கடலுக்குப் போய்வந்த எதையும் நல்ல தண்ணீரில் அலசாமல் வீட்டுக்குள் எடுக்க மாட்டார்கள். அலசாத பொருள் ஒரு மாதம் தாங்காது. லாரித் தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒருமுறை வரும் ஊரில், குடிக்கக் குறைந்தாலும் அதற்கென்று ஒரு செம்பு ஒதுக்கி வைப்பார்கள். சேலைத் தலைப்பால் துடைத்தால் தலைப்பில் இருக்கும் உப்பு கீறிவிடும் என்று துடைக்காமல் வெயிலில் வைத்திருக்கிறாள். அவள் கணக்கில் எல்லாமே சரி. எனக்கு வேலைக் கருவி என்பதால் ஒரு செம்புக்கு இரண்டு செம்பாக ஊற்றியிருக்கிறாள்.

பேட்டரியைக் கழற்றினேன். கேமராவைத் தலைகீழாகப் பிடித்து ஆட்டினேன். உள்ளேயிருந்து சொட்டுச் சொட்டாக வந்தது.

"என்னத்தா, தண்ணி ஆகாதா அதுக்கு?"

"ஆகாதும்மா."

"கடலுக்குக் கொண்டாந்தியே."

அம்மா சட்டையைக் கொடியில் திருப்பிப் போட்டாள். அது ஏற்கெனவே காய்ந்துதான் இருந்தது.

கார்டு பிழைத்திருந்தது. சைக்கிளில் போய் பிரவுசிங் சென்டரில் போட்டுப் பார்த்தேன். படங்கள் அழகாகத்தான் இருந்தன. மின்னும் தண்ணீர், அதில் கறுப்புக் கறுப்பாகத் தலைகள், பின்னால் தீவின் தாழை மரங்கள். கடையில் இருந்தவர் எட்டிப் பார்த்து, "காலண்டர் போடலாம்" என்றார். அவர் புகழ்ந்துதான் சொன்னார். நான் படங்களை முதலிலிருந்து மறுபடி ஓட்டினேன். நானூறு படத்திலும் ஒரு கை இல்லை. அந்தத் தலைகள் தண்ணீருக்குள் பறிக்கின்றனவா, கடப்பாரையால் உடைக்கின்றனவா? பார்க்கிறவர் எதை வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை சின்னதை எடுத்துக்கொண்டு போனேன். கைப்பேசியை உறையில் போட்டுத் தண்ணீருக்குள் பிடித்தால் விரல் தொடுவது அதற்குத் தெரியாது. முந்தின நாள் வாளித் தண்ணீரில் முக்கிப் பார்த்திருந்தேன். இந்தக் கிழட்டுக்குப் பட்டன் இருக்கிறது. அழுத்தினால் எங்கேயும் அழுந்தும்.

தீவு வந்ததும் அய்யாவின் இன்னொரு சட்டையைப் போட்டுக்கொண்டு நானும் காலைத் தூக்கி விளிம்புக்கு வெளியே போட்டேன்.

"எங்க போற?" என்றாள் அம்மா.

"தண்ணிக்குள்ள."

"இறங்காத. சொல்லிப்புட்டேன்."

எனக்கு நீந்தத் தெரியும். கரையோரப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் பாசிக்கு மட்டும் என்னை ஒருநாளும் அழைத்துப்போனதில்லை. என் வயதுப் பிள்ளைகள் லீவு நாளில் பையைக் கட்டிக்கொண்டு போகும்போது அம்மா என்னை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் போவாள். பெரியம்மாதான் இப்போது பேசினாள்.

"விடு. அவ பாசி பறிக்க வரல, நம்மளப் பாக்க வாரா."

"அப்படித்தான் எல்லாரும் முதல்ல இறங்குனோம்" என்றாள் அம்மா. ஆனாலும் அவளே முதலில் குதித்து, நான் இறங்கும்வரை என் காலைப் பிடித்துக்கொண்டாள்.

வெயிலில் ஒன்றுமே தெரியாத அந்தத் திரை தண்ணீருக்குள் பளிச்சென்று இருந்தது. பூ பட்டனைத் தட்டிவிட்டு அம்மாவின் விரல்களுக்குப் பக்கத்தில் பிடித்தேன். அவள் பறித்தாள். நான் அழுத்தினேன். கேமரா யோசித்தது. எடுத்தபோது கை பறித்துவிட்டு விலகியிருந்தது. மறுபடி. மறுபடியும் அதே கதை. மேலே வந்து சொன்னேன்.

"மெதுவாப் பறிம்மா."

"மெதுவாப் பறிச்சா மூச்சு எங்க இருக்கும்? உன் பொட்டிய வெரசா எடுக்கச் சொல்லு."

பக்கத்தில் முக்குளித்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கி, "ரெண்டு பேரும் கரையில போயி சண்ட போடுங்க, தண்ணி கலங்குது" என்றாள்.

நாற்பது முறையாவது முங்கியிருப்போம். அம்மாவுக்கு இருமல் வந்துவிட்டது. எனக்குக் காது அடைத்து, முழங்கால் பாரில் உரசி எரிந்தது. முந்தின நாள் வள்ளத்தின் நடுவில் உட்கார்ந்து சோர்ந்துபோனேன் என்று நினைத்ததற்கு வெட்கமாக இருந்தது. இவள் இதை என் வயதுக்கு மேலாகச் செய்கிறாள்.

வள்ளத்தில் ஏறியபின் துண்டைத் தலைமேல் போட்டு நிழல் செய்து, எடுத்தவற்றைப் பார்த்தேன். பறிக்கும் கணம் ஒன்றில்கூட இல்லை. ஆனால் அதற்கு அரை விநாடி கழித்து வரும் கணம் எல்லாவற்றிலும் இருந்தது. துணி சுற்றிய விரல்கள் பாசியோடு மேலே விலகுகின்றன. கீழே பாரின்மேல் வேரும் அரை விரல் தண்டும் அப்படியே நிற்கின்றன. பச்சையாக, கொஞ்சம் கலங்கலாக, புள்ளி புள்ளியாக. எது எஞ்சுகிறது என்றுதானே காட்ட வேண்டியிருந்தது? பெரிய கேமரா இருந்திருந்தால் சரியாகப் பறிக்கும் கணத்தைப் பிடித்திருக்கும். வேர் கைக்கு அடியில் மறைந்திருக்கும்.

பெரியம்மாவிடம் நீட்டினேன். அவள் ஈரக் கண்ணால் உற்றுப் பார்த்துவிட்டு, "இது யாரு கை?" என்றாள்.

"அம்மா கை."

"அதான பாத்தேன். கட்ட விரல் நகம் போயிருக்கு."

நகம் போனது எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை அலுவலகத்துக்கு அம்மாவும் பெரியம்மாவும் உட்பட ஆறு பேர் போனோம். முக்கால் நாள் காத்திருந்தோம். அதிகாரி நிதானமானவர், குரலை உயர்த்தவில்லை. இரண்டு வகைப் படங்களையும் பெரிதாக அச்சுப் போட்டு எடுத்துப்போயிருந்தேன். தலைகள் மிதக்கும் படத்தை முதலில் பார்த்து, "ரொம்ப நல்லா இருக்கு" என்று ஓரமாக வைத்தார். கலங்கல் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு ஒருமுறை திரும்பப் பார்த்தார்.

"இது எடுத்தது யாரு?"

"எம் மகதான் சார், படிச்ச பிள்ள" என்று பெரியம்மா முந்திக்கொண்டாள். தங்கை மகள் என்று அவள் ஒருநாளும் சொல்வதில்லை.

"சங்கத்துல உறுப்பினரா?"

"இல்ல சார்" என்றேன்.

அவர் சொன்னதன் சுருக்கம் இது. இப்போதைக்கு வள்ளம் போகலாம். ஆனால் ஒருநாள் படம் ஒருநாளைக்குத்தான் சாட்சி. அதே இடத்தில் பாசி மறுபடி வளர்கிறதா என்று ஒரு வருடத்துக்கு, மாதம் ஒருமுறை படம் வேண்டும். அதைச் சங்கத்தில் இருப்பவரே எடுத்துக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். வெளியாள் எடுத்தால் நாளைக்கு யாராவது கேள்வி கேட்பார்கள்.

வெளியே வந்து வேப்பமர நிழலில் நின்றோம். பெரியம்மா கும்பிட்டுச் சிரித்தாள். மற்றவர்கள் டீ குடிக்கலாம் என்றார்கள். அம்மா என் முகத்தைப் பார்த்து நான் நினைப்பதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"நீ இல்ல. வேற யாருக்காவது அந்தப் பொட்டிய அமுக்கச் சொல்லிக் குடு."

"யாருக்கும்மா? தேதி எழுதணும், எந்த இடம்னு எழுதணும், கையெழுத்துப் போடணும்."

"சங்கத்துப் பேரேட்டுல உன் பேரு ஏறக் கூடாதுன்னுதான் உன்னைப் படிக்கவே வச்சேன்."

இதைச் சத்தமாகச் சொல்லவில்லை. பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். உச்சிப்புளி தாண்டியதும் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். தலையில் உப்பு வாடை. எனக்கும் அசதிதான், ஆனால் தூங்கவில்லை. அந்த மாதம் ஒப்புக்கொண்டிருந்த இரண்டு விசேஷ வீடுகளுக்குக் கைப்பேசியில் பேசி, கேமரா கெட்டுவிட்டது, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். ஒரு வீட்டார், "ஒரு கேமராதான் வச்சிருக்கியா?" என்று கேட்டார்கள். ஆமாம், ஒன்றுதான் என்றேன்.

மறுநாள் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். சங்கத்துப் பேரேடு அவளுடைய அரிசி டப்பாவின் மேல் இருக்கும். பத்து வருடமாக அதில் பெயர்களை எழுதித் தருகிறவளே நான்தான். எட்டாம் வகுப்புக் கோணல் எழுத்திலிருந்து இப்போதைய எழுத்துவரை எல்லாம் அதில் இருக்கிறது. பெயருக்கு எதிரே இருப்பதெல்லாம் கட்டைவிரல் ரேகை. பெரியம்மா மைப்பெட்டியை எடுத்தாள், பிறகு சிரித்து உள்ளே வைத்தாள். கடைசிப் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதினேன். தகப்பன் பெயர், வயது. தொழில் என்ற கட்டத்தில் மற்றவர்களுக்கு எழுதுவதையே எழுதினேன்: பாசி எடுத்தல். கையெழுத்துப் போட்டேன்.

ஒரு வாரமாகிறது, அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. பௌர்ணமிக்கு நாலு நாள் இருக்கிறது. விரலில் சுற்றுவதற்கு ஒரு பழைய வேட்டியைக் கிழித்து வைத்திருக்கிறேன்.